‘மௌனக் காதல்’ அன்று: ‘கோஷிஷ்’ திரைப்படமும் சைகை மொழியும்

1972இல் குல்சார் எழுதி இயக்கிய ‘கோஷிஷ்’ என்ற இந்தித் திரைப்படத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ‘மௌனக் காதல்’, ‘சொற்களே தேவைப்படாத அன்பு’ போன்ற தொடர்கள் தாமாகவே வந்து விழுந்துவிடுகின்றன. சஞ்சீவ் குமார் நடித்த ஹரிசரணும் ஜெயா பாதுரி நடித்த ஆர்த்தியும் காது கேளாதவர்கள், வாய்பேசாதவர்கள். இருவரும் காதலித்து மணந்து, ஒரு குழந்தையைப் பறிகொடுத்து, இன்னொரு குழந்தையை வளர்த்து ஆளாக்குவதுதான் கதை. இப்படத்துக்காகச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது சஞ்சீவ் குமாருக்கும், சிறந்த திரைக்கதைக்கான தேசிய விருது குல்சாருக்கும் கிடைத்தன. 1961இல் வெளிவந்த ஒரு ஜப்பானியப் படத்தின் தாக்கத்தில் உருவான இக்கதை, 1977இல் கமல்ஹாசன், சுஜாதா நடிப்பில் ‘உயர்ந்தவர்கள்’ என்ற பெயரில் தமிழுக்கும் வந்தது.

இத்தனை புகழ்பெற்ற ஒரு காதல் கதையை விளக்க நாம் கையாளும் சொல்லே அதன் அடிப்படையைத் தவறவிடுகிறது என்பதுதான் இக்கட்டுரையை எழுதக் காரணம். ஹரியும் ஆர்த்தியும் மௌனத்தில் வாழவில்லை. கேலி செய்கிறார்கள், கோபிக்கிறார்கள், வருந்துகிறார்கள், நாளைக்கு என்ன செய்வது என்று திட்டமிடுகிறார்கள். அவர்களுக்கிடையே இல்லாதது ஒலி மட்டுமே. ஒலி இல்லாத இடத்தில் மொழியும் இருக்க முடியாது என்று காது கேட்பவர்கள் தாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டதால்தான் அது ‘மௌனக் காதல்’ ஆகிவிட்டது. சைகை மொழி என்பது என்ன, அது எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இந்தப் படத்தையும், இதற்குப் பின்னால் வந்த இந்திக் காதல் படங்கள் சிலவற்றையும் வேறு கண்ணோடு பார்க்க முடியும்.

சாடைக்கும் மொழிக்கும் உள்ள தூரம்

இரைச்சல் மிகுந்த பேருந்து நிலையம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கண்ணாடி ஏற்றப்பட்ட பேருந்துக்குள் மகன் உட்கார்ந்திருக்கிறான். கீழே தாய் நிற்கிறார். விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோகிறார்: ‘சாப்பிட்டுவிடு’. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டிக் காதோரம் வைக்கிறார்: ‘போன் செய்’. மகன் தலையாட்டுகிறான். இதுவரை எந்தச் சிக்கலும் இல்லை. இப்போது அந்தத் தாய்க்கு, ‘உன் அத்தை போன வாரம் சொன்ன வரனை உனக்குப் பிடிக்காவிட்டால், ஞாயிற்றுக்கிழமைக்குள் அப்பாவிடம் நீயே சொல்லிவிடு’ என்று சொல்ல வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கையால் ஆகிற காரியமன்று. சன்னல் கண்ணாடியைத் தட்டித் திறக்கச் சொல்லிக் கத்தத்தான் வேண்டும்.

முதலில் செய்தது சாடை. கண்ணுக்கெதிரே இருக்கும் பொருளையோ, எல்லோரும் அறிந்த ஒரு செயலையோ அதைப் போலவே செய்துகாட்டுவதால் சாடை புரிகிறது. சென்ற வாரம், ஞாயிற்றுக்கிழமை, ‘பிடிக்காவிட்டால்’ என்ற நிபந்தனை, யார் யாரிடம் சொல்ல வேண்டும் என்ற உறவு ஆகியவற்றைச் சாடையால் சுமக்க முடியாது. இவற்றையெல்லாம் சுமப்பதற்குப் பொதுவாக ஏற்றுக்கொண்ட சொற்களும், அவற்றைக் கோக்கும் விதிகளும் வேண்டும். அப்படிப்பட்ட சொற்களும் விதிகளும் கையிலும் முகத்திலும் உடலிலும் அமைந்திருந்தால், அதுவே சைகை மொழி. அந்தத் தாயும் மகனும் சைகை மொழி அறிந்தவர்களாக இருந்திருந்தால், வரன் விவகாரம் முழுவதையும் மூடிய கண்ணாடிக்கு இருபுறமும் நின்றபடியே பேசி முடித்திருப்பார்கள்.

சாடையும் சைகை மொழியும் வெவ்வேறு என்பதற்கு மூளையே சாட்சி சொல்கிறது. பேச்சு மொழியைக் கையாளும் பகுதிகள் பெரும்பாலோருக்கு மூளையின் இடப்பக்கத்தில் இருக்கின்றன. அங்கே பக்கவாதம் தாக்கினால் பேச்சு குழறிப்போகும். சைகை மொழியையே தாய்மொழியாகக் கொண்ட, காது கேளாத சிலருக்கு அதே இடப்பக்கம் பாதிக்கப்பட்டபோது, அவர்களது சைகை மொழி சிதைந்தது. ஆனால் பல் துலக்குவதைப் போல, சீப்பால் தலை வாருவதைப் போல நடித்துக் காட்ட அவர்களில் சிலரால் முடிந்தது. கை நன்றாகவே இருந்தது, நடிப்பும் இருந்தது, மொழி மட்டும் போய்விட்டது.

ஆக, சாடை என்பது செய்துகாட்டல். சைகை மொழி என்பது சொல்லும் இலக்கணமும் கொண்ட மொழி. மூளை அதைப் பேச்சு மொழியைக் கையாளும் இடத்திலேயே வைத்துக் கையாளுகிறது.

ஒரு சைகைக்குள் என்ன இருக்கிறது

‘கல்’ என்ற சொல்லில் முதல் ஒலியை மாற்றினால் ‘பல்’ ஆகிவிடுகிறது. பொருள் இல்லாத சிறு ஒலிகள் சேர்ந்து பொருளுள்ள சொல் உருவாவது பேச்சு மொழிகளின் பொது இயல்பு. சைகை மொழியிலும் இதே அமைப்பு இருக்கிறது என்பதை வாஷிங்டனில் காது கேளாதோருக்கான கல்லோடெட் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த வில்லியம் ஸ்டோக்கி 1960இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். அதுவரை காது கேளாதோர் பள்ளி ஆசிரியர்களே சைகைகளை முழுமையடையாத பேச்சின் மாற்று ஏற்பாடாகத்தான் கருதி வந்தார்கள்.

ஒரு சைகையைப் பிரித்துப் பார்த்தால் கைவடிவம், அது செய்யப்படும் இடம், அசைவு, உள்ளங்கை நோக்கும் திசை, முகக்குறி என்ற கூறுகள் கிடைக்கும். முகக்குறி என்பது புருவம், கண், வாய், தலை ஆகியவற்றின் அசைவுகளால் பொருள் தரும் பகுதி. இவற்றில் ஒன்றை மாற்றினாலும் சைகை வேறு சொல்லாகிவிடலாம், அல்லது பொருளற்றுப் போகலாம். கைவடிவம் சரியாக இருந்தும் நெற்றியில் செய்ய வேண்டியதைக் கன்னத்தில் செய்தால், ‘கல்’லைப் ‘பல்’ என்று சொன்ன கதைதான்.

இந்திய சைகை மொழியில் ஆணைக் குறிக்க மீசை இருக்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டுகிறார்கள். பெண்ணைக் குறிக்க மூக்குத்தி இருக்கும் இடத்தைத் தொடுகிறார்கள். உறவுப் பெயர்கள் பலவும் இந்த இரண்டில் ஒன்றை முன்னால் கொண்டு அமைகின்றன: உறவைக் காட்டும் சைகை பொதுவாக இருக்க, மீசை முன்னே வந்தால் அண்ணன் தம்பி, மூக்குத்தி முன்னே வந்தால் அக்கா தங்கை. இந்தச் சைகைகள் செய்துகாட்டலில் தொடங்கியவை என்பது வெளிப்படை. ஆனால் மீசையே இல்லாத ஆணுக்கும், மூக்கே குத்தாத பெண்ணுக்கும் அவை அப்படியே பயன்படுகின்றன. அந்த இடத்தில் அவை சாடை என்ற நிலையைக் கடந்து சொல்லாகிவிட்டன.

புருவம் கேட்கும் கேள்வி

சைகை மொழிக்கு இலக்கணம் கிடையாது, சொற்களை வரிசையாக அடுக்கினால் போதும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. காது கேட்பவர்கள் கையை மட்டுமே பார்ப்பதால் வரும் பிழை இது. ‘நீ வருகிறாய்’, ‘நீ வருகிறாயா’ என்ற இரண்டுக்கும் கைகள் ஒரே சைகைகளைத்தான் செய்யும். கேள்வியாக வேண்டுமானால் புருவங்கள் உயரும், தலை சற்றே முன்னோக்கிச் சாயும். தமிழில் ‘ஆ’ என்ற ஒற்றை எழுத்து செய்யும் வேலையை அங்கே புருவம் செய்கிறது. ‘எங்கே’, ‘என்ன’ போன்ற வினாச்சொற்கள் இந்திய சைகை மொழியில் வாக்கியத்தின் கடைசியில் வருகின்றன. ‘நீ, போ, எங்கே’ என்பது அங்கே இயல்பான வரிசை. எதிர்மறையும் பெரும்பாலும் இறுதியில்தான். வினைச்சொல் கடைசியில் நிற்கும் மொழியில் வளர்ந்த நமக்கு, ஆங்கிலம் மட்டும் அறிந்தவரைவிட இந்த வரிசை எளிதில் பிடிபடும்.

காலத்தைக் காட்ட வினைச்சொல் உருமாறுவதில்லை. ‘நேற்று’ என்று தொடக்கத்தில் சொல்லிவிட்டால், வேறு காலம் சொல்லப்படும்வரை பேச்சு முழுவதும் நேற்றிலேயே நடக்கும்.

இவற்றையெல்லாம்விட வியப்பானது, பேசுகிறவருக்கு முன்னால் இருக்கும் வெற்றிடம் இலக்கணமாக மாறும் விதம். அங்கே இல்லாத இருவரைப் பற்றிப் பேச வேண்டுமானால், ‘அண்ணன்’ என்று சைகை செய்து வலப்பக்கம் ஓரிடத்தைச் சுட்டுகிறார். ‘அம்மா’ என்று செய்து இடப்பக்கம் சுட்டுகிறார். அதன் பிறகு வலப்பக்கம் அண்ணனுக்கு உரியது, இடப்பக்கம் அம்மாவுக்கு உரியது. ‘கொடு’ என்ற சைகை வலமிருந்து இடமாக நகர்ந்தால் அண்ணன் அம்மாவுக்குக் கொடுத்தான். இடமிருந்து வலமாக நகர்ந்தால் அம்மா அண்ணனுக்குக் கொடுத்தார். தமிழில் ‘கு’ என்ற வேற்றுமை உருபு சுமக்கும் உறவை இங்கே கை நகரும் திசை சுமக்கிறது. இந்தியை வார்த்தைக்கு வார்த்தை கையால் செய்துகாட்டுவதே இந்திய சைகை மொழி என்று நினைப்பவர்கள் இந்த ஒரு கூறை மட்டும் பார்த்தாலே போதும். இந்தியில் இப்படி ஒன்று இல்லை.

சுருங்கச் சொன்னால், கை சொல்லைத் தருகிறது. முகமும் வெளியும் இலக்கணத்தைத் தருகின்றன. கையை மட்டும் பார்ப்பவர் பாதி வாக்கியத்தைத்தான் பார்க்கிறார்.

உலகம் முழுவதற்கும் ஒன்றுதானா

இல்லை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆங்கிலமே பேசப்பட்டாலும், அமெரிக்க சைகை மொழியும் பிரிட்டிஷ் சைகை மொழியும் ஒன்றுக்கொன்று புரியாதவை. அமெரிக்க சைகை மொழிக்குப் பிரெஞ்சு சைகை மொழியோடுதான் உறவு. பெயர்களையும் புதிய சொற்களையும் எழுத்தெழுத்தாகக் காட்டும் விரலெழுத்து முறையை அமெரிக்கர்கள் ஒரு கையால் செய்கிறார்கள். பிரிட்டனிலும் இந்தியாவிலும் இரு கைகளாலும் செய்வதே வழக்கம்.

இந்தியாவில் நகரத்துக்கு நகரம் சொற்கள் மாறினாலும் இலக்கணம் பெருமளவு ஒத்திருக்கிறது. காது கேளாதோர் பள்ளிகள் 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் பம்பாயிலும் கல்கத்தாவிலும் பாளையங்கோட்டையிலும் தொடங்கப்பட்டன. ஆனால் இந்த மொழிக்கென ஒரு தேசிய நிறுவனம், இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் என்ற பெயரில் டெல்லியில் அமைய 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்நிறுவனம் 2018இல் 3,000 சொற்களோடு வெளியிட்ட அகராதி 2021இல் 10,000 சொற்களாக விரிந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி செவித்திறன் குறைபாடுள்ளோர் ஏறத்தாழ 50 லட்சம் பேர் உள்ள நாட்டில், தேசிய நிறுவனம் ஒன்றின் அகராதிக்கு இவ்வளவு காலம் ஆனது.

தாமதத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் ஆசிரியர்களின் மாநாடு, பள்ளிகளில் சைகை மொழியை விலக்கிப் பேச்சையே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. தீர்மானித்தவர்களில் பெரும்பாலோர் காது கேட்பவர்கள். உலகெங்கும் வகுப்பறைகளில் குழந்தைகளின் கைகள் கட்டிப்போடப்பட்டதற்கு அத்தீர்மானம் துணை நின்றது. 2010இல் வான்கூவரில் கூடிய அதே மாநாட்டுத் தொடர் அதற்காக வருத்தம் தெரிவித்தது. இடையில் 130 ஆண்டுகள் போயிருந்தன.

‘மர்ஃபி’ எப்படி ‘பர்ஃபி’ ஆனான்

உதட்டசைவைப் படித்தே எல்லாவற்றையும் புரிந்துகொள்ளலாமே, சைகை எதற்கு என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கான விடை, அனுராக் பாசு இயக்கி 2012இல் வெளிவந்த ‘பர்ஃபி’ படத்தின் பெயரிலேயே இருக்கிறது. டார்ஜிலிங்கில் 1970களில் நடக்கும் அக்கதையில் ரன்பீர் கபூர் ஏற்ற காது கேளாத நாயகனின் பெயர் மர்ஃபி; அந்தக் காலத்து மர்ஃபி ரேடியோவை ஒட்டி வைத்த பெயர். அவன் தன் பெயரைச் சொல்ல முயலும்போது அது ‘பர்ஃபி’ என்று வருகிறது; ஊரும் அப்படியே அழைக்கிறது.

படத்தில் இது சிரிப்புக்கான செய்தி. ஒலியியல்படி பார்த்தால் இதில் நுட்பமான உண்மை ஒன்று இருக்கிறது. ‘ம’ என்று சொல்லும்போதும் ‘ப’ என்று சொல்லும்போதும் உதடுகள் ஒரே மாதிரிதான் மூடித் திறக்கின்றன. ‘ம’ ஒலிக்கும்போது காற்று மூக்கு வழியாகவும் போகிறது என்பதே வேறுபாடு. அது வெளியில் தெரியாது. கண்ணாடி முன் நின்று ஒலி எழுப்பாமல் ‘மாலை’ என்றும் ‘பாலை’ என்றும் சொல்லிப் பாருங்கள். நீங்களே வேறுபாடு காணமாட்டீர்கள். ‘க’ போன்ற ஒலிகள் தொண்டையை ஒட்டிப் பிறப்பதால் உதட்டில் அவற்றின் தடயமே இருப்பதில்லை. எனவே உதட்டசைவு வாசிப்பு என்பது பாதி எழுத்துகள் அழிந்துபோன ஓலையைச் சூழலை வைத்து ஊகித்துப் படிப்பதற்கு ஒப்பான உழைப்பு. நல்ல வெளிச்சம், மெதுவான பேச்சு, பழகிய முகம் எல்லாம் வாய்த்தாலும் ஊகம் ஊகமே.

வாய்பேசாமை பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். காது கேளாதவர்களில் பெரும்பாலோருக்குக் குரல்வளையில் எந்தக் குறையும் இல்லை. கேட்டுத்தான் குழந்தை பேசப் பழகுகிறது. கேட்காத ஒலியைத் திருப்பிச் சொல்லப் பழகுவது மிகக் கடினம். ஒரே காரணத்தின் இரண்டு விளைவுகளைத்தான் நாம் இரண்டு தனித்தனிக் குறைகளாக எண்ணி வருகிறோம்.

‘பர்ஃபி’யைப் பற்றி ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அதன் நாயகன் பெரும்பாலும் பழைய ஊமைப்படக் கோமாளியின் பாவனையில் பேசுகிறான். அவனுக்கென்று ஒரு சைகை மொழி இருப்பதாகவோ, அதைப் பேசும் நண்பர்கள் இருப்பதாகவோ படம் அக்கறை காட்டுவதில்லை. அழகான படம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவனது அழகு மொழியின்மையில் இருப்பதாகக் காட்டும்போது, ‘மௌனக் காதல்’ என்ற பழைய தொடருக்கே அது திரும்பிவிடுகிறது. 40 ஆண்டுகள் முந்திய ‘கோஷிஷ்’ இந்த விஷயத்தில் ஒரு படி முன்னே நிற்கிறது. கேட்கும் பார்வையாளருக்கும் புரிய வேண்டும் என்பதற்காக அதிலும் பாவனை நிறையவே கலந்திருக்கிறது. என்றாலும் காது கேளாத இருவர் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதுதான் அதன் மையம். காது கேளாதவரின் காதல் என்றாலே கேட்கும் ஒருவர் இரங்கி வந்து ஏற்றுக்கொள்வது என்ற வாய்பாட்டை ஹரி, ஆர்த்தி காதலில் அது தொடவே இல்லை.

ஓசை எழுப்பாத கிலுகிலுப்பை

‘கோஷிஷ்’ தம்பதியின் முதல் குழந்தை, அது அழும் ஒலி பெற்றோருக்குக் கேட்காததால் ஓர் இரவில் இறந்துபோகிறது. இரண்டாவது குழந்தைக்குக் காது கேட்குமா என்று அறிய அவர்கள் கிலுகிலுப்பையை ஆட்டிப் பார்க்கிறார்கள். குழந்தை திரும்பவே இல்லை. பதறிப்போய் மருத்துவரிடம் ஓடுகிறார்கள். அவர் சோதித்துப் பார்த்துக் கண்டுபிடிப்பது, குழந்தையின் காதில் குறையில்லை, கிலுகிலுப்பையில்தான் ஓசை இல்லை என்பது. சோதிக்கும் கருவி வேலை செய்கிறதா என்று சோதிக்கவே அவர்களால் முடியாது என்ற நிலையை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன காட்சி இந்திப் படங்களில் அரிது.

இக்காட்சியைப் பார்க்கும் பலரும், காது கேளாத இருவருக்குக் கேட்கும் குழந்தை பிறப்பது சினிமாவில் மட்டுமே நடக்கும் அதிசயம் என்று எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் அதுதான் பெருவழக்கு. காது கேளாமைக்குக் காரணமான மரபணுக்கள் பல. தந்தைக்கு ஒரு மரபணுவும் தாய்க்கு வேறொரு மரபணுவும் காரணமாக இருந்தாலோ, பிறந்த பிறகு வந்த நோயால் ஒருவருக்குக் காது போயிருந்தாலோ, குழந்தைக்குக் குறை வருவதற்கான வாய்ப்பு குறைவு. இன்று பிறந்த சில நாட்களிலேயே, ஒலி கேட்டதும் உட்காது திருப்பி எழுப்பும் மிக மெல்லிய அதிர்வைக் கருவியால் அளந்து செவித்திறனை அறிந்துவிடுகிறார்கள். குழந்தை அழுதால் விளக்கு மின்னவும் தலையணை அதிரவும் செய்யும் கருவிகளும் வந்துவிட்டன.

இதன் மறுபக்கம்தான் கவலைக்குரியது. காது கேளாமல் பிறக்கும் குழந்தைகளில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டோரின் பெற்றோர் காது கேட்பவர்கள். அந்த வீட்டில் சைகை மொழி யாருக்கும் தெரியாது. வீட்டார் பேசும் மொழி குழந்தைக்கு எட்டாது. பசி, தண்ணீர், தூக்கம் ஆகியவற்றுக்குக் குழந்தையும் தாயும் தாங்களாகவே உண்டாக்கிக்கொள்ளும் சில குறிகளை வைத்து நாட்கள் ஓடும். இவற்றை வீட்டுச் சைகை என்பார்கள். மொழி வேரூன்ற வேண்டிய முதல் சில ஆண்டுகள் இப்படியே கழிந்துவிட்டால், பின்னால் எந்த மொழியையும் முழுமையாகப் பெறுவது கடினமாகிவிடுகிறது. ஒரு காது கேளாத குழந்தைக்கு நேரக்கூடிய பெரிய இழப்பு ஒலி அன்று, மொழி.

வீட்டுச் சைகையிலிருந்து மொழி பிறப்பதை உலகம் ஒருமுறை நேரில் பார்த்திருக்கிறது. நிகரகுவா நாட்டின் தலைநகர் மனாகுவாவில் 1970களின் இறுதியில் காது கேளாத குழந்தைகளுக்கான பள்ளி பெரிதாகத் தொடங்கப்பட்டபோது, ஒவ்வொரு குழந்தையும் தன் வீட்டுச் சைகையோடு வந்தது. ஆசிரியர்கள் உதட்டசைவும் ஸ்பானிய மொழியும் கற்பித்துக்கொண்டிருக்க, விளையாட்டுத் திடலிலும் பேருந்திலும் குழந்தைகள் தங்கள் குறிகளைக் கலந்து பொதுக் குறிகளை உண்டாக்கினார்கள். அடுத்து வந்த இளைய குழந்தைகள் அவற்றுக்கு இலக்கணத்தைச் சேர்த்தார்கள். சில ஆண்டுகளில் ஒரு புதிய மொழி உருவாகிவிட்டது. எந்தப் பெரியவரும் அதைக் கற்பிக்கவில்லை.

காது கேளாத பெற்றோருக்குப் பிறந்த கேட்கும் குழந்தைகள் இரு மொழிகளில் வளர்கிறார்கள். சஞ்சய் லீலா பன்சாலியின் முதல் படமான, 1996இல் வந்த ‘காமோஷி’யில் மனிஷா கொய்ராலா ஏற்ற ஆனி அப்படிப்பட்ட மகள், பெற்றோருக்கும் வெளியுலகுக்கும் இடையே மொழிபெயர்ப்பது அவள் பொறுப்பு. வங்கியிலும் மருத்துவமனையிலும் பெரியவர்களின் விவகாரங்களைச் சிறு வயதிலேயே சுமந்து வளர்வது இத்தகைய குழந்தைகள் பலருக்கும் பொதுவான அனுபவம். பயிற்சி பெற்ற சைகை மொழிபெயர்ப்பாளர்கள் போதிய அளவில் இருந்தால் அந்தச் சுமை குறையும்.

இப்பகுதியின் சாரம் இதுதான்: காது கேளாமை பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து குழந்தைக்கு நேராக இறங்குவதில்லை. அதனால் சைகை மொழியும் வீட்டிலிருந்து குழந்தைக்கு நேராக இறங்குவதில்லை. பள்ளியும் காது கேளாத மற்றக் குழந்தைகளும்தான் அதன் தாய்வீடு.

கேமரா எங்கே நிற்க வேண்டும்

மொழி கண்ணுக்குரியதாகும்போது காதல் காட்சியின் நடைமுறைகளே மாறிவிடுகின்றன. இருளில் பேச முடியாது. இரு கைகளிலும் சுமையோடு நடக்கும்போது பேச முடியாது. கோபத்தில் கண்ணை மூடிக்கொண்டாலோ முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ மற்றவர் பேச்சு அந்த நொடியிலேயே அறுந்துபோகும். மறுபுறம், இரயில் நிலையத்தின் இரைச்சலில், எதிரெதிர் நடைமேடைகளில் நின்றபடி அந்தரங்கமாகப் பேசிக்கொள்ளலாம்; சுற்றியிருப்பவர்களில் அம்மொழி அறிந்தவர் இல்லாதவரை.

இந்திக் காதல் படங்களின் இலக்கணமோ முகத்தை நெருக்கத்தில் காட்டுவது. கன்னத்தில் வழியும் கண்ணீரைக் காட்டச் சட்டகம் நெருங்கும்போது கைகள் சட்டகத்துக்கு வெளியே போய்விடுகின்றன. அதாவது, வாக்கியத்தின் நடுவில் பேசுகிறவரின் வாயைப் பொத்தியதாக ஆகிறது. சைகை மொழிக்குத் தலையுச்சி முதல் இடுப்பு வரை தெரியும் சட்டகம் வேண்டும், முகத்தில் ஒளி வேண்டும், பேசி முடிக்கும்வரை காட்சி வெட்டப்படாமல் நிற்க வேண்டும். கேட்கும் நடிகர்கள் காது கேளாதவராக நடிக்கும் படங்களில் கை தெரியாத நெருக்கக் காட்சிகள் எத்தனை வருகின்றன என்று கவனித்தால், அவ்விடங்களில் படக்குழு மொழியைப் படமாக்கியதா, உணர்ச்சியை மட்டும் படமாக்கியதா என்பது விளங்கிவிடும். அமெரிக்காவில் காது கேளாத நடிகர் ட்ராய் கோட்சர் 2022இல் ஆஸ்கர் விருது பெற்றார். இந்தியில் இப்பாத்திரங்கள் இன்றும் பெரும்பாலும் கேட்கும் நட்சத்திரங்களுக்கே போகின்றன.

‘கோஷிஷ்’ இன்னொரு கடினமான கணக்கையும் எடுத்துக்கொள்கிறது. ஹரியின் நெருங்கிய நண்பர் நாராயண், ஓம் சிவ்புரி நடித்த பாத்திரம், பார்வையற்றவர். ஒருவரின் மொழி கண்ணில், இன்னொருவரின் மொழி காதில். இருவருக்கும் பொதுவாக இருப்பது தொடுதல் ஒன்றே. இது திரைக்கதைக்காகப் புனைந்த விசித்திரம் என்று தள்ளிவிட வேண்டாம். காதும் கண்ணும் ஒருசேர இழந்தவர்கள், பேசுகிறவரின் கைமேல் தம் கையை வைத்துச் சைகையை உணர்ந்து படிக்கும் தொடு சைகை முறையை உலகின் பல பகுதிகளில் அன்றாடம் கையாளுகிறார்கள்.

படத்தைப் பார்க்க வராதவர்கள்

வளர்ந்த மகன், காது கேளாத ஒரு பெண்ணை மணக்க மறுப்பதும், தந்தை அதில் நொறுங்கிப்போவதும், மகன் பிறகு இணங்குவதும் ‘கோஷிஷ்’ படத்தின் இறுதிப் பகுதி. என் பார்வையில் படத்தின் பலவீனமான பகுதியும் அதுவே. மணம் என்பது இங்கே இருவரின் விருப்பத்திலிருந்து விலகி, நன்றிக்கடனுக்கும் நீதிபோதனைக்கும் போய்விடுகிறது. ஹரியும் ஆர்த்தியும் ஒருவரையொருவர் தேர்ந்துகொண்டவர்கள். அந்த உரிமையை அடுத்த தலைமுறைப் பெண்ணுக்குத் தரப் படம் மறந்துவிட்டது.

அதைவிடப் பெரிய மறதி, 1972இல் இப்படம் ஓடிய திரையரங்கில் ஹரியைப் போன்ற ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தால், சுற்றியுள்ள கேட்கும் பாத்திரங்கள் பேசுவதும் மதன் மோகனின் இசையும் அவருக்கு எட்டியிருக்காது என்பது. இதற்குத் தீர்வாக வந்ததுதான் விவரத் தலைப்பு: வசனத்தோடு, ‘கதவு தட்டப்படுகிறது’, ‘தூரத்தில் இடி’ என்று ஒலிகளையும் எழுத்தில் காட்டும் முறை. செவித்திறனும் பார்வைத்திறனும் குறைந்தவர்கள் திரையரங்கில் படம் பார்க்க வழிசெய்யும் நெறிமுறைகளை மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2024 மார்ச்சில் வெளியிட்டது. அதே ஆண்டு ஜூலையில், மாற்றுத்திறனாளிகளைத் திரையில் சித்திரிப்பது குறித்து உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல்களைத் தந்தது. அவர்களைப் பற்றிய படைப்புகளில் அவர்களும் பங்கேற்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று.

அந்தப் பங்கேற்பு எங்கெல்லாம் தேவைப்படுகிறது என்பதற்குக் கிலுகிலுப்பைக் காட்சியே நல்ல எடுத்துக்காட்டு. அதற்கு விவரத் தலைப்பு எழுதுகிறவர், கிலுகிலுப்பை ஆட்டப்படும் அந்த நொடியிலேயே ‘ஓசை எழவில்லை’ என்று எழுத வேண்டுமா, மருத்துவர் கண்டுபிடிக்கும்வரை பேசாமல் இருக்க வேண்டுமா? முன்னதாக எழுதினால் கதையின் முடிச்சு அவிழ்ந்துவிடும். எழுதாவிட்டால், காது கேளாத பார்வையாளர் அந்தச் சில நிமிடங்களில் ஹரிக்கும் ஆர்த்திக்கும் தெரிந்த அளவே தெரிந்தவராக, அவர்களுடைய பதற்றத்தை முழுவதுமாகப் பகிர்ந்துகொள்வார். எழுதாமல் விடுவதே என் விருப்பம். காது கேளாத பார்வையாளர் ஒருவர் இதை மறுத்து, கேட்பவருக்குக் கிடைக்கும் தகவல் அதே நொடியில் தமக்கும் கிடைக்க வேண்டும் என்று சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால், தலைப்பை எழுதும் மேசையில் இறுதி முடிவு அவருடையதாகத்தான் இருக்க வேண்டும்.